நான்கு கட்டத்துக்குள் ஒரு கடை

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னிடம் சந்தேகம் கேட்டு வர மாட்டார்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றவள். பெயர் இந்திராணி. வீடு பெரம்பலூரில். காலையில் ஏழு இருபது பஸ்ஸைப் பிடித்து அரியலூர், மாலையில் திரும்ப பெரம்பலூர். அந்த பஸ்ஸில் நான் தூங்கிய தூக்கத்தைச் சேர்த்து வைத்தால் இரண்டு வருடமாவது தேறும்.

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். இப்போதெல்லாம் வேண்டியதை வாயால் சொன்னால் கம்ப்யூட்டரே நிரல், அதாவது புரோகிராம், எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். "அந்தக் காலத்துல நீங்க இதையெல்லாம் கையால எழுதுனீங்களாமேக்கா" என்றாள். அந்தக் காலமாம்! முழுசாக ஐந்து வருடம் ஆகியிருக்காது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் விடாமல், புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும், எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்தாள். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடம் கடிதம் அடித்தேன், பல வருடம் பைல் கட்டினேன். கம்ப்யூட்டர் வந்ததும் திருச்சியில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கொள்முதல் பிரிவு என்றால் ஆலைக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக் கொடுக்கிற இடம். பெரிய இயந்திரங்களைச் சென்னைத் தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு வந்தது துடைப்பம், பூட்டு, கையுறை, டார்ச் லைட், வாளி, தார்ப்பாய், ஹெல்மெட் மாதிரியான சில்லறைச் சாமான்கள். எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது விதி. மூன்று கடையின் விலையை எழுதி வாங்கி, ஒப்பீட்டுத் தாளில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் நான்கு கட்டம் இருக்கும்: பொருள், விற்பவர், விலை, எத்தனை நாளில் வரும்.

நடைமுறையில் மூன்று கொட்டேஷனும் அரியலூர் கடைத்தெருவில் ஜமால் பாய் கடையிலிருந்தே வரும். பாயிடம் மூன்று லெட்டர்பேடு உண்டு. ஒன்று அவர் கடையுடையது, ஒன்று மச்சான் பெயரில், மூன்றாவது எங்குமே இல்லாத ஒரு கடையின் பெயரில். மூன்றுக்கும் மூன்று பேனா வைத்திருப்பார். மூன்றாவதற்குப் பச்சை மை. அவர் கடை விலைதான் எப்போதும் குறைவாக இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன் செய்து "பாய், பூட்டு" என்றால் போதும். எந்தக் கதவுக்கு, எவ்வளவு பெரிசு என்பதை அவரே சொல்லுவார். எங்கள் ஃபோர்மேன் மாரிமுத்துவுக்குத் தலை பெரிது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஹெல்மெட் மூட்டையோடு மாரிமுத்துவுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய ஹெல்மெட் பையில் வரும்.

இது எங்கள் அதிகாரி ஞானசேகரன் சாருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அவர் ஒரு தனி ரகம். மேசையில் ஓர் அடி மர ஸ்கேல் இருக்கும். எந்தத் தாள் வந்தாலும் முதல் வரிக்கு அடியில் அதை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "இந்திராணியம்மா, இன்னொரு தடவ பாத்துடுங்க" என்று தாளைத் திருப்பித் தருவார். ஒரு காற்புள்ளிக்காக ஒரே கடிதத்தை நான்கு முறை அடித்திருக்கிறேன். அந்த ஸ்கேலை முறித்து அடுப்பில் வைக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன் தெரியுமா?

ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கேட்டேவிட்டேன். காற்புள்ளிக்கு இந்தப் பாடு படுத்துகிறீர்களே, பாயின் மூன்று லெட்டர்பேடு மட்டும் கண்ணில் படவில்லையா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதியில் மூன்று கொட்டேஷன் என்றுதான் இருக்கிறது, மூன்று ஆள் என்று இல்லை என்றார். அவ்வளவுதான். எழுதியிருப்பதற்கு மேல் ஓர் எழுத்து படிக்க மாட்டார், கேட்டதற்கு மேல் ஓர் எழுத்து சொல்ல மாட்டார்.

கொரோனா அடங்கிய பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. வருடத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவார்கள். அப்போது வேண்டிய நூற்று நாற்பது சாமான்களுக்குக் கொட்டேஷன் வாங்க நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறோமாம். இனி ஒரே நாளில் முடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பிரிவை மூடிவிட்டு எங்கள் நால்வரையும் சென்னைக்கு மாற்றுவார்கள். வர இஷ்டமில்லாதவர்கள் ராஜினாமா செய்யலாம்.

என் நினைப்பு வீட்டுக்கு ஓடியது. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இவர் என்றே எழுதுகிறேன். சர்க்கரை நோயில் இவருக்கு ஒரு கண் அடியோடு போய்விட்டது. இன்னொன்றில் புகை மூட்டத்தில் தெரிகிற மாதிரி ஏதோ தெரியும். ஆனாலும் பெரம்பலூரில் இவர் ராஜா. வீட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எங்கே மேடு, எங்கே சாக்கடை மூடி, எந்த இடத்தில் ரோட்டைத் தாண்டுவது என்பதெல்லாம் இவர் காலுக்கு அத்துப்படி. தினமும் காலையில் தனியாகப் போவார். டீக்கடையில் யாரையாவது பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நாட்டு நடப்பைப் பேசிச் சண்டை போட்டுவிட்டுத் தனியாகத் திரும்புவார். துணைக்கு வருகிறேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

இந்த மனிதரைச் சென்னையில் ஏதோ ஒரு மூன்றாவது மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆவார்? சுவரையா பார்த்துக்கொண்டிருப்பார், அதுவும் தெரியாத கண்ணால்? வேலையை விடலாம் என்றால் வீட்டில் வருகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். கடிதம் வந்த அன்று பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழியும் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரியில் இருந்தது. ஊரே சாமான் வாங்குகிற ஓர் இணையக் கடையின் பெயரைப் போட்டு, அதன் பொருள் பட்டியலை நிரல் எழுதிக் கேட்கலாமே என்றிருந்தார்கள். அந்தப் பெயர் இங்கே வேண்டாம். சார் எங்களை ஒரு சுற்று பார்த்தார். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் திருச்சியில் பத்து நாள் சாப்பிட்டவள் ஆயிற்றே. என் தலையில் கட்டினார்.

பட்டியலைப் பார்க்கக் கடை ஒரு சாவி தரும். இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு சரம். அதைச் சும்மா தர மாட்டார்கள். நம் மூலமாக மூன்று பேராவது அவர்களிடம் ஏதாவது வாங்கியிருக்க வேண்டும். மூன்று என்று சொன்னதும் சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்களும் மூணு கேக்கறாங்க பாத்தீங்களா" என்றார், தூரத்துச் சொந்தம் கிடைத்த மாதிரி. உடனே சுற்றறிக்கை போட்டார். நான் இட்லித் துணி வாங்கினேன். தபால் பார்க்கும் ராஜேந்திரன் முதுகு சொறிகிற குச்சி வாங்கினான். சார் ஒரு நகவெட்டி வாங்கினார். அதற்கு முன் மூன்று நகவெட்டியின் விலையை ஒப்பீட்டுத் தாளில் எழுதி, தானே பரிந்துரைத்து, தானே ஒப்புதல் கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

சாவி வந்தது. அடுத்தது அதைப் போட்டுத் திறக்க வேண்டும். கடையின் கம்ப்யூட்டரோடு பேச ஒரு தனி முறை உண்டு. ஒவ்வொரு கேள்வியையும் ரகசிய முத்திரை குத்தித்தான் அனுப்ப வேண்டும். அதையெல்லாம் நானே எழுத உட்கார்ந்தால் என் ஆயுசு போதாது. நல்ல வேளையாக, எந்த ஊரோ என்னவோ, யாரோ ஒரு புண்ணியவான் அந்த வேலை முழுவதையும் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தார். இப்படிக் கட்டி வைத்த நிரல் தொகுப்பைத்தான் லைப்ரரி என்கிறார்கள். இந்தப் பொருளைத் தேடு என்று நாம் ஒரு வரி எழுதினால் போதும். அது கடைக்குப் போய், சாவியைக் காட்டி, முத்திரை குத்தி, பதிலை வாங்கி வந்து கையில் கொடுத்துவிடும்.

சொல்ல எளிதாக இருக்கிறது. முதல் இரண்டு வாரம் எனக்குக் கண்ணில் ரத்தம் வராத குறை. நிரல் என்பது காற்புள்ளி விஷயத்தில் ஞானசேகரன் சாரைவிட மோசம். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துவிடும். எங்கே விட்டுப்போயிற்று என்று ஒழுங்காகவும் சொல்லாது. ஒரு நாள் திரையைப் பார்த்து அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். சார் வந்து, எழுதியதை அச்சடித்துக் கொடுங்கள் என்றார். அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கினார். பதினாலாவது வரியில் ஸ்கேல் நின்றது.

"இங்க ஒரு அடைப்புக்குறி தொறந்திருக்கும்மா. மூடுன மாதிரி தெரியல. இன்னொரு தடவ பாத்துடுங்க."

பார்த்தேன். மூடினேன். நிரல் ஓடியது. பத்து வாளி, பெயரும் விலையுமாகத் திரையில் வந்து நின்றது. அலுவலகம் என்பதை மறந்து கையைத் தட்டிவிட்டேன். அத்தனை வருடம் அந்த ஸ்கேலைத் திட்டிய திட்டையெல்லாம் அன்றைக்கு மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வாளி வந்த தைரியத்தில் நூற்று நாற்பது பொருளையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஏழெட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று கடை கதவைச் சாத்திவிட்டது. சார் பதறிப்போனார். வெளி நிறுவனம் ஒன்று நம் பிரிவைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டதே என்று அவருக்கு அவமானம். அன்று மாலையே பார்வை எண் போட்டு, ஊழியர் அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறோம் என்று ஒரு கடிதம் தயார் செய்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். இதற்குள் நான் லைப்ரரியோடு வந்த விளக்கக் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். நொடிக்கு ஒரு கேள்விதான் கேட்கலாமாம். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால் அதுவே நின்று நின்று கேட்குமாம். இரண்டு நொடி என்று எழுதினேன். கதவு திறந்துகொண்டது. தன் கடிதத்தைப் பார்த்துத்தான் திறந்தார்கள் என்று சார் கடைசி வரை நம்பினார். நானும் மறுத்துப் பேசவில்லை.

அந்த லைப்ரரிக்கு இன்னொரு குணம் உண்டு. கேட்டதை மட்டும்தான் கொண்டுவரும். ஒரு பொருளைப் பற்றி நிறம், எடை, அளவு, படம் என்று கடையில் என்னென்னவோ இருக்கும். இன்னின்னது வேண்டும் என்று நாம் பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாததைத் தொடாது. நான் எதைக் கேட்பேன்? என் கையில் இருந்தது ஒப்பீட்டுத் தாள். பொருள், விற்பவர், விலை, எத்தனை நாளில் வரும். நான்கையும் கேட்டேன். வந்ததில் குறைந்த விலை மூன்றை எடுத்துத் தாளில் நிரப்பு என்று எழுதினேன். அத்தனை வருடம் அந்த நான்கு கட்டத்தை வைத்துத்தான் ஆலையே நடந்தது. ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

பரீட்சை நாள் வந்தது. சென்னையிலிருந்து கார்த்திக் என்று ஓர் அதிகாரி வந்தார். என் அக்கா மகன் வயது இருக்கும். நல்ல பிள்ளை; எல்லோரையும் சார், மேடம் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். காலை பத்து மணிக்கு நிரலை ஓட விட்டேன். நின்று நின்று கேட்டாலும் ஐந்தாறு நிமிடத்தில் நூற்று நாற்பது ஒப்பீட்டுத் தாளும் மளமளவென்று அச்சடித்து வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று கடை, மூன்று விலை. நான் பெருமையில் எழுந்து நின்றுவிட்டேன். ராஜேந்திரன் காபி வாங்கி வரக் கிளம்பிவிட்டான்.

கார்த்திக் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "சூப்பர் மேடம்" என்றார். பிறகு சர்வ சாதாரணமாக, "இவ்வளவுதான்னா இதை சென்னையிலேயே ஓட்டிக்கலாமே? இங்க எதுக்கு நாலு பேர்?" என்றார்.

அட பாவி மகளே, உன் குழியை நீயே வெட்டிக்கொண்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நிரல் ஓடாவிட்டால் பிரிவை மூடுவார்கள் என்று பயந்து ராப்பகலாக ஓட வைத்தேன். ஓடியதால் மூடப்போகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பிள்ளை வேண்டுமென்றே சொல்லவும் இல்லை. அவர் கணக்குப்படி அதுதான் சரி.

சார் தாள்களை வாங்கி, ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அறுபது ஹெல்மெட் என்ற தாளில் மட்டும் ஸ்கேல் கொஞ்ச நேரம் நகரவில்லை. காற்புள்ளி ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். அப்போது எனக்கு அதைப் பற்றிக் கவலைப்படக்கூட மனசில்லை. சார் நிமிர்ந்து, "தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க சார். அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாத்துடுங்களேன். ஹெல்மெட்டுதான் அவசரம். பராமரிப்புக்கு வர்ற அறுபது பேரை அது இல்லாம கேட்டுக்குள்ள வுட மாட்டாங்க" என்றார். கார்த்திக் சந்தோஷமாக உட்கார்ந்து, குறைந்த விலைக்காரருக்குத் தன் கையாலேயே ஆர்டர் போட்டார். தாளிலும் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மெட்ராஸில் பக்கத்தில் டீக்கடை இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்றேன். ரோட்டைத் தாண்டணுமா என்றார். சோறு வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆலையை நிறுத்துவதற்கு முதல் நாள், ஹெல்மெட் வந்தது. நிரலை வாங்கிக்கொண்டு, எங்கள் மாற்றல் உத்தரவையும் முடித்துவிட்டுப் போகக் கார்த்திக்கும் வந்திருந்தார். அறுபது ஹெல்மெட் என்றால் எவ்வளவு பெரிய பெட்டி வர வேண்டும்? வந்ததோ தொலைக்காட்சிப் பெட்டி அளவுக்கு இரண்டே பெட்டி. ராஜேந்திரன் பிரித்தான். மஞ்சள் நிறம், முன்னால் விளிம்பு, தாடையில் மாட்டப் பட்டை, எல்லாம் கனகச்சிதம். ஒன்றே ஒன்றுதான் குறை. நான்கு வயதுக் குழந்தைக்குத்தான் பொருந்தும். கூடவே ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இலவசம்.

கார்த்திக் நம்ப முடியாமல் ஒன்றை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தார். அது உச்சியில் கொட்டாங்கச்சி மாதிரி உட்கார்ந்தது. ஃபோர்மேன் மாரிமுத்து அந்த நேரம் பார்த்துத்தான் ஹெல்மெட் வாங்க உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், கார்த்திக்கைப் பார்த்தார். வெளியே போய்ச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

நிரலைத் திறந்து பார்த்தேன். கடையின் பட்டியலில் அளவு தெளிவாக இருந்தது, எந்த வயதுக்கு என்பதும் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெயங்கொண்டம், செந்துறை பக்கமிருந்தெல்லாம் அறுபது பேர் கேட்டில் வந்து நிற்பார்கள். ஹெல்மெட் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் ஆலை ஒரு நாள் கூடுதலாக நிற்கும். ஆர்டரில் இருந்தது கார்த்திக்கின் கையெழுத்து.

சார் ஜீப்பை எடுக்கச் சொன்னார். நானும் கார்த்திக்கும் ஜமால் பாய் கடைக்கு ஓடினோம். பாய்க்கு எங்கள் மேல் வருத்தம். இரண்டு மாதமாக நாங்கள் போன்கூடச் செய்யவில்லை அல்லவா? "வாங்கம்மா. ஆன்லைனு கடை லீவா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். மனிதர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அப்புறம் உள்ளே கையைக் காட்டினார். மூன்று மூட்டை கட்டித் தயாராக இருந்தது. மேலே ஒரு பையில் மாரிமுத்துவின் ஹெல்மெட். எப்படிப் பாய் இது என்று கேட்டேன். வருசா வருசம் கேட்கிறதுதானே என்று சொல்லிவிட்டுப் பாய் வேறு பக்கம் பார்த்தார்.

சாருக்கு போன் செய்து ஹெல்மெட் கிடைத்துவிட்டது என்றேன். கொட்டேஷன் மூன்றும் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார். தலையில் அடித்துக்கொண்டேன். பாய் சளைக்கவில்லை. கார்த்திக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரே பையிலிருந்து மூன்று லெட்டர்பேடையும் எடுத்தார். நீல மையில் ஒன்று, கறுப்பு மையில் ஒன்று, பச்சை மையில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கார்த்திக் பச்சை மைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இந்தக் கடை எங்க இருக்கு பாய்?"

"இன்ஷா அல்லா, இனிமேத்தான் தொறக்கணும் சார்" என்றார் பாய்.

திரும்பும்போது ஜீப் ரயில்வே கேட் பக்கம் வந்ததும் கார்த்திக், மாரிமுத்துவின் தலை அளவு கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வருடக் கணக்காகத் தெரியும் என்றேன். சென்னையிலிருந்து ஆர்டர் போட்டால் அது தெரியாதுதானே என்றார், என்னிடம் கேட்பது மாதிரி தனக்குத் தானே. நான் வாயைத் திறக்கவில்லை. சில நேரம் பேசாமல் இருப்பது எனக்கும் வரும்.

மறுநாள் வேலை நேரத்துக்குத் தொடங்கிவிட்டது. கார்த்திக் கிளம்புவதற்கு முன் சார் அவரிடம் ஒன்றைத் தெளிவுபடுத்தினார். ஹெல்மெட் மாற்றி வந்ததைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், ஆனால் ஆர்டர் போட்டது யார் என்று பதிவேட்டில் கட்டம் கிடையாது. கார்த்திக் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைக் குலுக்கிப் போனார். பத்தாம் நாள் உத்தரவு வந்தது. உள்ளூர் விவரம் தெரிந்தவர்கள் உடன் இருந்து சரிபார்க்க வேண்டியிருப்பதால் கொள்முதல் பிரிவு அரியலூரிலேயே தொடரும். அந்தத் தாளை நான் ஸ்கேல் இல்லாமலே மூன்று முறை வரி வரியாகப் படித்தேன். அன்றைக்கே நிரலில் அளவையும் வயதையும் கேட்டு இரண்டு வரி சேர்த்தேன். பொம்மை ஹெல்மெட்டுகளை ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு மாதம் அந்தத் தெருவில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஞானசேகரன் சார் ஓய்வு பெற்றார். அன்று சாயங்காலம் போட்ட மாலையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன். அந்த ஹெல்மெட் தாளில் உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா சார்?

"விலையைப் பாத்ததுமே தெரிஞ்சுதும்மா. அந்த விலைக்குப் புள்ளைங்க சாமான்தான் வரும். பொறவு, அந்தத் தாளுக்குக் கட்டம் போட்டதே நான்தான், இந்த ஆபீசுக்கு வந்த புதுசுல. அதுல அளவுக்குக் கட்டம் இல்லேன்னு எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றேன். கார்த்திக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார். ஜமால் பாயிடம் மட்டும் அன்றைக்கே அறுபது எடுத்து வைக்கச் சொன்னாராம். ஒரு காற்புள்ளியை விடாத மனிதர், அறுபது பொம்மை ஹெல்மெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போகவிட்டிருக்கிறார். அவர் மேசை இழுப்பறையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை ஒரு காதுகுத்துக்குப் பெரம்பலூர் வந்திருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட உங்க வூட்டுக்காரர் ரோட்டைத் தாண்டுனாரு. யாரு கையையும் புடிக்கல. அந்த மனுசனை மெட்ராசுக்கு அனுப்ப எனக்கு மனசு வரலம்மா."

பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இவரிடம் சொன்னேன். உங்களைப் பார்த்துத்தான், நீங்கள் யார் கையையும் பிடிக்காமல் கம்பீரமாக ரோட்டைத் தாண்டியதைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று. இவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவரா அது? உங்க வூட்டம்மா நம்ம ஆபீசுதான்னாரு, பேரு சொல்லல" என்றார். "கையைப் புடிக்கலதான். காலரைப் புடிச்சாரு. திருச்சி பஸ்சுக்குக் குறுக்க போயிட்டேன், சத்தமே கேக்கல. பின்னாலேந்து கொத்தா இழுத்தாரு பாரு, சட்டை கிழிஞ்சு போச்சு."

ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்று இவர் சொல்லி, நான் உட்கார்ந்து தைத்துக் கொடுத்த சட்டை அது. இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

"சொல்லியிருந்தா மறுநாளு என்னை வெளிய வுட்டிருப்பியா நீ?" என்றார் இவர்.

விட்டிருக்க மாட்டேன்.